பழையனூரும் நீலிப்பழியும்

தொண்டை நன்னாட்டுச் சிவத்தலங்களுள், ஐயன் ஆடல் புரியும் ஐந்து அம்பலங்களில் ஒன்றாகிய இரத்தினசபையை உடையது திருவாலங்காடு. அதனை அறியாத சைவர் இலர். அதன் அயலே, வயல்களின் நடுவே, பழையனூர் என்றொரு சிற்றூர் உண்டு. இஞ்ஞான்று திருவள்ளூர் மாவட்டத்தின்கண் அடங்கிய அவ்வூரை நேரிற் கண்டார் மிகச் சிலராவர். அதன் பெயரைக் கேளாதாரோ தமிழ் நாட்டில் அதனினும் அரியர். ஆயின் அப்பெயர் மக்கள் செவிப்படுமாறு எத்தகைத்து? தேவாரத்தின் வாயிலாகக் கேட்டார் ஒருவராயின், வசைமொழியின் வாயிலாகக் கேட்டார் நூற்றுவர். ஒருத்தி தன் குறையைச் சொல்லி அழுவாளாயின் அதனை ‘நீலிக் கண்ணீர்’ என்று இகழ்தலும், அவளைப் ‘பழையனூர் நீலி’ என்று வைதலும் நாட்டு வழக்காய்ப் பரந்துவிட்டன. வஞ்சம், பேய், கொலை என்னும் மூன்றனோடும் ஓர் ஊரின் பெயர் பல நூற்றாண்டுகளாகப் பிணிப்புண்டு கிடக்கின்றது. ஒரு சில குடிகள் உழுதுண்டு வாழ்ந்த ஊர்க்கு இத்தகைய பெயர் வாய்த்த வரலாறு யாது என்பதும், அப்பெயர் அவ்வூர்க்கு உரியதுதானா என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஊரின் பழமையை நோக்குவாம். மூவர் முதலிகள் மூவரும் திருவாலங்காட்டைப் பாடியுள்ளனர். சம்பந்தப் பெருமான் பதிகம் ஒன்றும், நாவரசர் பதிகம் இரண்டும், வன்றொண்டர் பதிகம் ஒன்றும் நமக்குக் கிடைத்துள்ளன. அம்மூவரும் ஆலங்காட்டைச் சொல்லுமிடத்துப் பழையனூரையும் உடன்வைத்துச் சொல்லுதல் கருதற்பாலது. ஆளுடைய பிள்ளையார் பழையனூர் ஆலங்காடு என்று இரண்டனையும் ஒரே பெயராக்கினார். நாவரசர் அதனைப் பழனை எனக் குறுக்கி அன்பொழுக வழங்கினார். சுந்தரர் இறைவனைப் பழையனூர் மேயவன் என்றே விளித்தார். காடு கூத்தனுக்குரியது, ஊர் அக்காட்டுக்குச் சோறு அளிப்பது. ஊரின்றிக் காட்டினைச் சொல்லுதல் அவர்கட்கு இயையவில்லை போலும்.

இவ்வியைபு பாடல்களில் மட்டும் அமைந்ததன்று. 1905ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளையுடையன. அவை வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியுமாக அமைந்தவை. சோழர் குலமுறையை அறிதற்கு அவற்றைப் போற்றுவோர் பலர். அவ்வேடுகள் பொறிக்கப்பெற்ற காரணமோ இப்பழையனூரே என்பதனை நினைப்பார் சிலர். முதலாம் இராசேந்திர சோழ தேவர் தம் ஆறாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1018ஐ ஒட்டி, பழையனூரைத் திருவாலங்காட்டு மகாதேவர்க்கு உரியதாக்கினார். முன்னர்ப் பிரமதேயமாயிருந்த அவ்வூர் வெள்ளான்வகை ஊராக மாற்றப்பட்டு, இறைவன் கோயிலுக்கு இறையிறுக்கும் ஊராயிற்று. வடமொழிப் பகுதி இவ்வூரைப் புராணகிராமம் என மொழிபெயர்த்துக் கூறுகின்றது. பழையனூர் என்பதன் நேர்ப்பொருள் அதுவே. பழமை என்னும் பொருள் பயிலும் ஊர்ப்பெயரை வடமொழிப் புலவரும் விடாது போற்றினர். கங்கைவரை சென்று மீண்ட படையை உடைய பேரரசனுக்கும் இச்சிற்றூர் ஓலை எழுதி, எல்லை வகுத்து, செம்பில் வெட்டுதற்குரிய ஊராயிருந்தது என்பதனை மனங்கொள்க.

இன்னும் ஒன்று. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று, பழையனூர்க் காரி என்பான் அவர்க்குக் களைக்கொட்டு ஒன்று கொடுத்ததனைப் பாராட்டுகின்றது. பொன்னும் மணியும் கொடாது களைவெட்டும் கருவியைக் கொடுத்தது ஏன் என வினவுவார்க்கு, ஔவையாரைப் பிரிய மனமில்லாது, களை வெட்டுதலை வியாசமாகக் கொண்டு தன்னூரிலேயே நிறுத்திவைக்க நினைந்தான் என்று கூறுவர். பழையனூர் என்னும் பெயருடைய ஊர் தமிழகத்தில் ஒன்றன்று. பாண்டி நாட்டிலும் உண்டு. ஆகலின் காரியின் ஊர் இதுவே என அறுதியிட்டுக் கூறுதல் எமது கருத்தன்று. ஆயினும் உழவர் ஊரின் ஈகை களைக்கொட்டாகத்தானே இருக்கும்!

இனி நீலி கதைக்கு வருவாம். அக்கதை ஏட்டிலும், நாட்டுப் பாடலிலும், கூத்திலும் பலவாறு வேறுபட்டு வழங்குகின்றது. பொதுவாக அமைந்த பகுதியை மட்டும் சுருங்கக் கூறுவாம். கதைகள் அந்தணன் என்று குறிக்கும் ஒருவன், ஊரில் மனைவி ஒருத்தி இருக்க, காசிக்குச் சென்றவிடத்து மற்றொருத்தியை மணந்தான். அவளை உடனழைத்து மீளுங்கால், முன்னை மனைவிக்கு என் சொல்வது என்னும் அச்சம் அவனைப் பற்றிற்று. ஆலங்காட்டை அடைந்தபோது, தன்னை நம்பி வந்த அவளைக் கொன்று தன் வழியே போயினான். இறந்தவள் பழி கொள்ளும் நீலியானாள். கொன்றவன் மறுபிறப்பிற் காஞ்சியில் வணிகனாகப் பிறந்தான். இடையில் வரும் பிறவிகளையும் உடன்பிறந்தான் செய்தியையும் கதைகள் பலபடக் கூறும். அவை ஈண்டு வேண்டா. வணிகனுக்குப் பேயால் இடர் உண்டு என முன்னரே அறிந்தோர் அவன் கையில் மந்திரவாள் ஒன்றைக் கொடுத்து, அதனை எஞ்ஞான்றும் பிரியற்க எனப் பணித்திருந்தனர்.

அவ்வணிகன் வாணிகத்தின்பொருட்டு ஆலங்காட்டு வழியே பழையனூருக்கு வந்தான். நீலி அவன் மனைவி வடிவு கொண்டு பின்தொடர்ந்தாள். கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தினாள் என்பர். கரிக்கட்டை என்பாரும் உளர். அஞ்சி ஓடிய வணிகன் ஊரவையில் அடைக்கலம் புகுந்தான். அவையிலிருந்தவர் வேளாளர் எழுபதின்மர். நீலியும் அங்கே வந்து, என் கணவர் என்னையும் மகவையும் கைவிட்டு ஓடுகின்றார் என்று முறையிட்டு அழுதாள். மகவும் அவனை அப்பா என அழைத்து அவன் மடியிலேறியது. வணிகன், இவள் என் மனைவி அல்லள், பேய், என்னை உண்ண வந்தவள் என்று கதறினான். அவையத்தார் கண்ட காட்சியை நம்பினர். கணவனும் மனைவியும் ஓரில்லில் இரவு தங்குக எனத் தீர்ப்புக் கூறினர். அவன் கைவாளைக் கண்டு நீலி அஞ்சுவதுபோல் நடிக்க, அவ்வாளையும் வாங்கிவைத்துக் கொண்டனர். உன் உயிர்க்கு ஊறு வருமாயின் எங்கள் எழுபதின்மர் உயிரையும் ஈடாகத் தருவோம் என உறுதியும் மொழிந்தனர். விடிந்தது. வணிகன் மார்பு பிளந்து கிடந்தான். மனைவியும் இல்லை, மகவும் இல்லை. எழுபதின்மரும் தாம் கூறிய சொல்லின்படி தீ வளர்த்து அதனுட் புகுந்தனர்.

இக்கதை எத்துணைப் பழமையது? சிலர் இது பிற்காலத்துக் கட்டுக்கதை என எளிதில் ஒதுக்குவர். அங்ஙனம் ஒதுக்குதற்கு ஆளுடைய பிள்ளையார் திருவாக்கு இடந்தரவில்லை. முதல் திருமுறையில் உள்ள திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்றிருப்பாட்டிலேயே, நட்புப் பூண்டாள் போன்று வஞ்சித்து ஒருத்தி ஓர் உயிரைக் கொண்ட செய்தி குறிக்கப்பெற்றுள்ளது. அவள் பெயர் ஆங்கு இல்லை. வணிகன் பெயரும் இல்லை. ஆயினும் குறிப்பு ஐயத்துக்கு இடனின்றித் தெளிவாகவே உள்ளது. ஆகவே ஏழாம் நூற்றாண்டிலேயே இச்செய்தி பழைய செய்தியாய், பெயர் சொல்லாமலே விளங்குமளவுக்கு நாடறிந்த செய்தியாய் இருந்ததென்பது பெறப்படும்.

அத்திருப்பாட்டில் யாம் நின்று நோக்கவேண்டிய சொல் ஒன்று உளது. வஞ்சகி உயிர்கொண்ட வகையைக் கேட்டு ‘அஞ்சும்’ பழையனூர் என்பது பிள்ளையார் வாக்கு. இவ்வச்சம் எதன்கண் நிகழ்ந்த அச்சம்? பேய்க்கு அஞ்சினர் என்று கொள்வார் உளர். அங்ஙனம் கொள்ளின், பழையனூர் பேயால் அலைப்புண்ட ஊர், இரவில் வழிப்போக்கர் நடுங்கும் ஊர் என்றாகும். நாட்டு வழக்கும் அவ்வாறே கொண்டது. ஊரின் தீப்பெயர் அவ்வுரையினின்றும் முளைத்தது. எமக்கோ அவ்வுரை உடன்பாடன்று. பேய்க்கு அஞ்சினவர் செய்வது யாது? கதவடைப்பர், காப்புக் கட்டுவர், ஊரைவிட்டும் பெயர்வர். தீயிற் குதிப்பவரோ? உயிருக்கு அஞ்சுவார்க்குத் தீயினும் அஞ்சத்தக்கது வேறு யாதுளது? ஆகவே இவர்கள் அஞ்சியது பேய்க்கு அன்று, பழிக்கு. தம் சொல் பொய்படுதலுக்கு அஞ்சினர். அடைக்கலம் புக்கான் தம் அவையில் தம் தீர்ப்பால் இறந்தான் என்னும் செய்தி செவிப்பட்ட அப்பொழுதே நடுங்கினர். பழிக்கு அஞ்சுதலை நம் அறநூல்கள் குற்றமாகக் கூறா, குணமாகவே போற்றும். வள்ளுவரும் அஞ்சத்தகுவனவற்றுக்கு அஞ்சாதிருத்தலைப் பேதைமையின்பாற் படுத்தினார்.

இவ்வுரைக்கு வேறொரு துணையும் உண்டு. அப்பதிகம் எழுந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் கூறுமாற்றை நினைக. காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்து இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த ஆலங்காட்டை, அடியால் மிதித்தற்குப் பிள்ளையார் அஞ்சினார். அஞ்சி, உள்ளே புகாது அயலே ஓரிடத்தில் அன்றிரவு தங்கினார். அவ்விரவில் இறைவர் கனவில் தோன்றி, நம்மைப் பாட மறந்தனையோ என வினவ, எழுந்து பாடியதே இப்பதிகம். ஆலங்காட்டை மிதித்தற்கு அஞ்சிய பிள்ளையாரின் அச்சம் பேயச்சமா? அன்று, அம்மையார்பால் வைத்த பெருமதிப்பின் அச்சம். அத்தகைய உயர்ந்த அச்சம் உள்ளத்தில் நின்ற நாழிகையில், அவர் வாயினின்றும் பழையனூர்க்கு அடையாக வெளிப்பட்ட சொல் ‘அஞ்சும்’ என்பது. அச்சொல்லுக்கு இழிந்த பொருள் கொள்ளுதல் பொருந்தாது என்பதே எமது துணிபு.

பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் இதனை இன்னும் விளக்குகின்றது. சேக்கிழார் தோன்றிய வேளாண் குடியின் பெருமையைக் கூறப்புகுந்த ஆசிரியர், பிற செயல்களோடு இதனையும் எடுத்தோதுகின்றார். நீலியின் வஞ்சனையால் வணிகன் உயிரிழக்க, தாம் கூறிய சொல்லினின்றும் பிழையாது எழுபதின்மரும் தீக்குழியில் முழுகினர் என்றும், அண்டமுற நிமிர்ந்தாடும் ஆலங்காட்டு அப்பரின் அடிக்கீழ் மெய்ப்பேறு எய்தினர் என்றும், அப்பெருமை எம்மால் அளவிடற்பாலதன்று என்றும் அவர் கூறுவர். நீலி ஆங்கு ஒரு சொல்லில் வந்து போகின்றாள். செய்யுளின் நாட்டம் முழுதும் எழுபதின்மர்மேற் செல்கின்றது. நாட்டுக் கதைகளிலோ எழுபதின்மர் கூட்டமாக ஒரு வரியில் வந்து மறைவர். நீலியே கதை முழுதும் நிற்பாள். ஒரே நிகழ்ச்சியை இருவேறு கண்கள் கண்டன. ஊரின் பெயர் கெட்டது இரண்டாவது கண்ணால்.

இதுகாறும் கூறியவற்றால் எழுபதின்மர்பால் குற்றமே இல்லை என்பது எமது கருத்தென எண்ணற்க. குற்றம் உண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் அவர்க்கும் ஊர்க்கும் நன்றி செய்ததாகாது. இரு திறத்தாரும் முறையிட்ட அவையில், ஒருத்தி கண்ணீரையும் மகவின் மழலையையும் நம்பிய அவர்கள், நடுங்கி நின்ற ஒருவன் மொழியை நம்பவில்லை. அவன் ஊர், குலம், மனைவி இன்னார் என்பவற்றைக் காஞ்சிக்கு ஆள் விடுத்து உசாவவில்லை. ஓரிரவு பொறுத்திருக்கவில்லை. கைவாளையும் வாங்கிக்கொண்டது பெரும் பிழை. அடைக்கலம் என வந்தானைக் காத்தற்கு அமைந்த ஒரே கருவியை அவனிடத்தினின்றும் நீக்கினார்கள். மெய்ப்பொருள் நாயனார் பொய்வேடத்தை நம்பியதனோடு இதனை ஒப்பிடுவார் உளர். அவ்வொப்பு முற்றும் பொருந்தாது. நாயனார் வேடத்தை வணங்கித் தம் உயிரைக் கொடுத்தார். இவர்கள் வேடத்தை நம்பிப் பிறன் உயிரைக் கொடுத்தார்கள்.

இவர்கட்குத் தக்க ஒப்பு வேறிடத்தில் உளது. மதுரையில் ஆராயாது தீர்ப்புக் கூறிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், உண்மை தெரிந்த அப்பொழுதே அரசுகட்டிலில் வீழ்ந்து உயிர் நீத்தான். அவன் பிழை செய்தான் என்பதனை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஆயினும் வளைந்த கோலைத் தன் உயிர்கொடுத்து நிமிர்த்தான் என்றே உலகம் அவனைப் போற்றுகின்றது. மதுரையைத் தீயோர் ஊர் என எவரும் இகழ்வதில்லை. முடியுடை வேந்தன் செய்தவிடத்துச் செங்கோல் எனப்பட்ட அச்செயலை, மேழி பிடித்த எழுபதின்மர் செய்தவிடத்து மறந்து, அவர் ஊரைப் பேயின் பெயரால் வழங்குதல் நடுவுநிலையாகுமா? வேந்தன் உயிர் துயரத்தால் தானே பிரிந்தது. இவர்களோ தெளிந்த அறிவோடு ஒருவர்பின் ஒருவராய்த் தீயை நோக்கி நடந்தார்கள்.

தற்கொலை பாவமன்றோ என வினவுவாரும் உளர். தன்னுயிரைத் தான் போக்குதலை நம் சமயம் பொதுவகையால் விலக்கியதே. ஆயினும் பெரியபுராணத்துட் புகழ்ச்சோழ நாயனார் வரலாறு உளது. வென்று கொணர்ந்த தலைக்குவியலிற் சடைமுடி உடைய தலை ஒன்றைக் கண்டு, தம் ஆட்சியில் அடியார் ஒருவர் கொலையுண்டார் என நடுங்கி, அத்தலையைப் பொற்றட்டில் ஏந்தி எரியுட் புகுந்தார் அந்நாயனார். துன்பத்துக்கு அஞ்சி உயிர்விடுதல் வேறு. தன் ஆணையால் நிகழ்ந்த கொலைக்குத் தானே தண்டம் ஏற்றல் வேறு. எழுபதின்மர் செயல் பின்னதன்பாற் படும். இதற்குமேல் இதனை நீட்டித்தல் வேண்டா.

இனி, நீலியைப்பற்றியும் சில கூறுதல் கடனாகும். அவளை வைகின்ற வாய்கள் கதையின் பிற்பாதியினின்றே தொடங்குகின்றன. முற்பாதியில் அவள் கொல்லப்பட்டவள். கணவனை நம்பி நெடுவழி நடந்து வந்தவள். நடுக்காட்டில், கைப்பிடித்தவன் கையாலேயே மடிந்தவள். அக்கொலையை எந்த அவையும் விசாரிக்கவில்லை. பழையனூர் அவை எழுபது உயிரை ஈடாக வைத்து விசாரித்தது இரண்டாவது வழக்கை. முதல் வழக்கு அவைக்கு வரவே இல்லை. கண்ணீர் விடும் பெண்ணை எல்லாம் நீலி என்று இகழ்வார் இதனை நினைத்துப் பார்ப்பாராக. பெண் ஒருத்தி ஊர்மன்றத்தில் முறையிடும்போது, அவள் சொல்லைக் கேட்குமுன்னரே நீலி என்று நகைத்து வாயடைக்கும் இழிவழக்கத்துக்கு இக்கதையைத் துணைக்கொள்ளுதல், கதையைப் பாதியிற் கேட்டதன் பயனாகும்.

நீலி என்னும் பெயர்தானும் இழிபெயர் அன்று. அது கொற்றவைக்குரிய திருப்பெயர்களுள் ஒன்று. சிலப்பதிகாரத்துள்ளும் நீலி ஒருத்தி வருகின்றாள். சங்கமன் என்னும் வணிகனைப் பரதன் என்பான் ஒற்றன் எனப் பொய் கூறிச் சிங்கபுரத்திற் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலமந்து திரிந்து, எம்முறு துயரம் செய்தோர் தாமும் அத்துயர் உறுக எனச் சபித்து மலையேறி வீழ்ந்து மாய்ந்தாள். அப்பரதனே மறுபிறப்பிற் கோவலன் ஆயினான். வணிகன், பொய்வழக்கு, கொலை, மறுபிறப்பு, பெண் ஒருத்தியின் பழி என்னும் இவை அத்தனையும் அங்கும் உள்ளன. ஆயின் அங்கு வரும் நீலியை எவரும் வைவதில்லை. ஒரு பெயரின்மேற் படர்ந்த மாசு பெயரின் மாசன்று என்பது இதனாற் புலனாம்.

சமணரும் பழையனூர் நீலியை விடவில்லை. நீலகேசி என்னும் அவர்தம் தருக்க நூலின் தலைவி இவளே. வடநாட்டுச் சுடுகாடு ஒன்றிற் காளிக்கு இடும் உயிர்ப்பலியை விலக்கிய முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்தி ஓட்டும்பொருட்டு, அக்காளி பழையனூர் நீலியை அழைத்தாளாம். சென்ற நீலி முனிவரால் மனம் மாறிக் கொல்லாமை நோன்பு பூண்டு, பின்னர்ப் பிற சமயத்தாரோடு வாதிட்டாள் என அந்நூல் விரிந்து செல்லும். சமய திவாகர வாமன முனிவர் உரையோடு அது 1936இல் அ. சக்கரவர்த்தி நயினாரால் அச்சிடப்பெற்றது. சமயக் கொள்கையில் அந்நூலோடு நமக்குள்ள மாறுபாடு ஒருபுறம் நிற்க, இதனால் நாம் அறிவது ஒன்றுண்டு. வடநாட்டுக் காளிக்கும் கைகூடாத அச்சுறுத்தலைச் செய்யவல்ல பேய் எது என்றால், பழையனூர்ப் பேய் என்று சமணப் புலவர்க்கும் நினைவு சென்றது! நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டிலும், மலையாள நாட்டுக் கதைகளிலும் கள்ளியங்காட்டு நீலி என அவள் இன்றும் நடமாடுகின்றாள். ஊரைவிட்டுப் பேய் நெடுந்தொலைவு சென்றது. ஊரின் பெயரையும் உடன்கொண்டு சென்றது.

இவ்விடத்தே சைவர் சிந்தித்தற்குரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. ஆலங்காட்டுக்கு உரிய பேய்கள் இரண்டு. ஒன்று நீலி; மற்றொன்று நம் அம்மையார். பேயார் என்னும் பெயரை விரும்பி ஏற்று, ஆலங்காட்டின்மேல் மூத்த திருப்பதிகங்கள் இரண்டு அருளிய அம்மையாரும் வணிகர் குலத்தவர். அவர் கணவன் பரமதத்தனும், மாங்கனி அதிசயத்தைக் கண்டபின் அவரை மானிடர் அல்லர் என அஞ்சி நீங்கினான். கணவன் அச்சத்தால் நீலி உயிரிழந்தாள்; கணவன் அச்சத்தால் அம்மையார் தனித்தார். இருவரும் பேயுரு அடைந்தனர். நீலி அவ்வுருவைப் பழிக்குப் பழி வாங்கும் கருவியாக்கினாள். அம்மையார் கணவன்பொருட்டுச் சுமந்த தசைப்பொதியை உதறித் திருக்கூத்தைக் காணும் வாயிலாக்கினார். உருவம் ஒன்றாயிருந்தும் ஒன்று அருவருக்கப்படுதலும் மற்றொன்று வணங்கப்படுதலும் ஏன் என்னும் வினாவுக்கு, உடம்பு மாயையின் காரியம். அதன்கண் நின்று ஆணவ வழிச் சேறலும் அருள்வழிச் சேறலும் உயிர்க்கே உரியன என்று சித்தாந்தம் விடை தரும். பேயுருவைக் கண்டு ஊரை இகழ்வார், அதே காட்டில் இறைவன் அம்மையே என அழைத்தவர் கொண்ட உருவும் அதுவே என்பதனை மறந்தவராவர்.

பழையனூர்க்குப் போவார், ஆலங்காட்டுக்கும் ஊர்க்கும் இடையே எழுபதின்மர் தீப்பாய்ந்த இடம் எனக் காட்டப்பெறும் மண்டபத்தைக் காணலாம். அவர்தம் உருவங்கள் ஆங்குக் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. அருகே சாட்சி பூதேசுவரர் எனப் பெயரிய சிவபெருமான் எழுந்தருளியுள்ளார். ஊரவை உறுதிமொழிந்ததற்கும் அதனை நிறைவேற்றியதற்கும் அப்பெருமானே சான்று என்பர். உமாபதி சிவனார் எழுபதின்மரும் தீயில் மூழ்கினர் என்றே கூறினாராயினும், கதை வழக்கிற் சிறு வேறுபாடு ஒன்று உண்டு. விடியற்காலையில் தீ மூட்டியபோது அறுபத்தொன்பதின்மரே கூடினராம். எஞ்சிய ஒருவர் இரவே தம் வயலுக்குப் போயிருந்தார். நிகழ்ந்தது அறியாது உழுதுகொண்டிருந்தார். அவரை விட்டுவிடலாம் என எவரும் நினைத்திருப்பின் அவர் பிழைத்திருப்பார். அவையிற் கூறிய சொல்லில் அவர் பங்கு எழுபதில் ஒன்றே. ஆயினும் வரப்பில் வந்த ஒருவர் சொல்லக் கேட்ட அவர், ஊருக்குத் திரும்பித் தீயை அடையுமளவும் பொறாது, ஏரை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்துவிட்டு, தம் கலப்பையின் கொழுமுனையிலேயே வீழ்ந்து உயிர் நீத்தார் என்பர்.